செல்லுலோயிட் என்றொரு சொல்

எமது சஞ்சிகைகளில் சினிமாவைப் பற்றி எழுதுவோருக்குக் கைவந்த சொற்களில் ஒன்று 'செல்லுலோயிட்'. நல்ல படம் ஒன்றைப் பார்த்துவிட்டால் அதைச் செல்லுலோயிட்டில் எழுதிய கவிதை என்போம். கெட்ட படமானால் செல்லுலோயிட்டுக்கு வந்த கேடு என்போம். நாமும் அவ்வாறு எழுதியவர்கள்தாம். ஆனால் அந்தச் சொல் எந்தப் பொருளுக்கு உரியது, அந்தப் பொருளை எப்போதாவது கையால் தொட்டிருக்கிறோமா என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணிப் பார்க்க வைத்தது ஒரு பிஸ்கட் ரின்.

ஒக்லாந்தின் மவுண்ட் றொஸ்கில் பகுதியில் எம்மில் ஒருவரின் தாயார் காலமானார். அந்தியேட்டி முடிந்த பின்னர் அவருடைய அலுமாரியை ஒழுங்குபடுத்த நாம் சிலர் கூடினோம். சேலைகளுக்கு அடியில் அந்த ரின் இருந்தது. அதனுள் ஒரு சொப்பிங் பை. பைக்குள் போட்டோ நெகற்றிவ்கள், சில சுருளாகவும் சில துண்டுகளாகவும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தைவிட்டுச் சனம் முழுவதும் வெளிக்கிட்டபோது, பாரமான அல்பங்களை வீட்டில் விட்டுவிட்டு நெகற்றிவ்களை மட்டும் அவர் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்த வீடும் பிறகு இல்லை, அல்பங்களும் இல்லை. ரின்னைத் திறந்ததும் அறை முழுவதும் வினாகிரி மணத்தது.

இங்கேயே பிறந்த பேத்தி துண்டு ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். 'மாமா, இதுக்குத் தமிழில என்ன பேர்?' என்று கேட்டாள். 'பிலிம்' என்றோம். 'அது இங்கிலிஷ்தானே' என்றாள். அன்று எம்மிடம் பதில் இருக்கவில்லை. அவளுடைய கேள்விக்குப் பின்னால் போனபோது நாம் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

*

செல்லுலோயிட் என்பது ஆதியில் ஒரு கம்பனியின் வியாபாரப் பெயர். அமெரிக்காவின் அல்பனி நகரில் அச்சுத்தொழில் செய்துவந்த ஜோன் வெஸ்லி ஹயற் என்பவர், பில்லியர்ட் பந்து செய்வதற்கு யானைத் தந்தத்துக்குப் பதிலான ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். அப்படியொன்றைக் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டொலர் பரிசு என்று பில்லியர்ட் வியாபாரிகள் விளம்பரம் செய்திருந்த காலம் அது. 1870 யூலை 12ஆம் திகதி அவரும் அவருடைய சகோதரர் ஐசையாவும் தமது புதிய பொருளைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். 1872இல் அதற்குப் பெயர் வைத்தவர் ஐசையா. 1873இல் அந்தப் பெயர் வியாபாரக் குறியாகப் பதிவாயிற்று.

இவர்களுக்கு முன்னரே, 1862இல், இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் அலெக்சாண்டர் பார்க்ஸ் என்பவர் ஏறக்குறைய இதே பொருளைக் காட்சிக்கு வைத்திருந்தார். தன் பெயரைச் சேர்த்து 'பார்க்கசைன்' என்று அதற்குப் பெயரிட்டிருந்தார். அவருடைய கம்பனி சில ஆண்டுகளில் நொடித்துப்போனது, பெயரும் கூடவே போயிற்று. செல்லுலோயிட் நின்றது. நின்றது மட்டுமல்ல, கம்பனியின் கையைவிட்டு ஊரார் வாய்க்குப் போய்ப் பொதுச்சொல்லாகவும் ஆகிவிட்டது.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு துண்டுகள். முதலாவது 'செல்லுலோஸ்'. மரம், பஞ்சு, புல் ஆகியவற்றின் உயிரணுச் சுவர்களை ஆக்கும் பொருள் இது. 1838இல் இதைப் பிரித்தறிந்தவர் அன்செல்ம் பாயன் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர். இலத்தீனில் 'செல்லா' என்றால் சிறிய அறை, பொருட்களைப் பத்திரப்படுத்தும் அறை. உயிரணுவுக்கு ஐரோப்பிய மொழிகளில் உள்ள பெயரும் அதிலிருந்து வந்ததுதான். இரண்டாவது துண்டு 'ஒயிட்' என்ற கிரேக்க ஒட்டு. 'போன்ற', 'அந்த வடிவுடைய' என்பது பொருள். ஆகவே செல்லுலோயிட் என்றால் 'செல்லுலோஸ் போன்றது'.

போன்றது என்பது அந்தப் பொருளுக்கு மிகவும் பொருந்திய பெயர். தந்தம் போன்ற சீப்பு, ஆமையோடு போன்ற கண்ணாடிச் சட்டம், துணி போன்ற சேர்ட் கழுத்துப்பட்டி, மனித முகம் போன்ற பொம்மை என்று அது தன் ஆயுள் முழுவதும் இன்னொன்றைப் போல இருப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தது. ஊரில் நாம் விளையாடிய பிங்பொங் பந்தும் செல்லுலோயிட்தான். எனவே நாம் அதைத் தொட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. சர்வதேசப் போட்டிகளில் அந்தப் பந்துக்குப் பதிலாக வேறு பிளாஸ்டிக் பந்து வந்தது 2014இல்தான்.

இப்பொருளின் செய்முறையில்தான் எமக்கு முதல் ஆச்சரியம் காத்திருந்தது. பஞ்சை நைத்திரிக்கமிலமும் சல்பூரிக்கமிலமும் கலந்த கரைசலில் ஊறவைப்பார்கள். அது வெடிபஞ்சுக்கு உறவான ஒரு பொருளாகிறது. அதைத் தனியே விட்டால் காய்ந்து நொறுங்கிவிடும். வளையவும் இளகவும் வைப்பதற்கு வேறொன்றைச் சேர்க்கவேண்டும். ஹயற் சகோதரர்கள் தகுந்த அளவில், சூட்டிலும் அழுத்தத்திலும் சேர்த்தது கற்பூரம்.

கோயிலில் தட்டில் வைத்துக் காட்டும் அதே கற்பூரம். பழந்தமிழர் அறிந்த கற்பூரம் சுமாத்திராவின் மேற்குக் கரையில் உள்ள பாரூஸ் துறைமுகத்திலிருந்து வந்தது. அங்கே லோபு துவா என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்த கல்வெட்டு அது. அந்தக் கற்பூரம் வேறு இன மரத்தினுடையது. செல்லுலோயிட்டுக்குப் பயன்பட்டது சீனா, யப்பான், தைவான் காடுகளில் வளரும் கற்பூரமரத்தினுடையது. தைவானை 1895இல் கைப்பற்றிய யப்பான், 1899இல் அங்குக் கற்பூரத்தை அரசின் தனியுரிமையாக்கியது. உலகம் சீப்பும் பொம்மையும் பிலிமும் வேண்டும் என்று கேட்கக் கேட்கத் தைவானின் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. அந்தக் காடுகளில் வாழ்ந்த ஆதிக்குடிகள் மலைகளின் உள்ளே உள்ளே தள்ளப்பட்டனர். ஒரு பொருள் உலகெங்கும் பரவியபோது எங்கோ ஒரு சனம் இடம்பெயர்ந்த கதை இதிலும் இருக்கிறது.

*

இந்தப் பொருளை மெல்லிய நாடாவாக்கினால் அதில் படம் பிடிக்கலாம் என்று எண்ணியவர்களுள் ஒருவர் ஒரு பாதிரியார். நியூ யேர்சி மாநிலத்தின் நியூவார்க் நகரில் இருந்த ஹனிபல் குட்வின், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு வேதாகமக் காட்சிகளைக் காட்ட ஆசைப்பட்டார். அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் பாரமானவை, உடைபவை. அவர் 1887இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அது கிடைத்தது 1898இல். இடைப்பட்ட காலத்தில், 1889இல், ஜோர்ஜ் ஈஸ்ற்மனின் கம்பனி தனது செல்லுலோயிட் பிலிமைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. குட்வின் 1900 டிசம்பர் 31இல் இறந்துபோனார். வழக்கு அவருக்குப் பின்னும் நடந்தது. 1914இல் கொடக் கம்பனி 50 இலட்சம் டொலர் கொடுத்து வழக்கைத் தீர்த்தது. பாதிரியார் அதைக் காண இருக்கவில்லை.

பிலிம் என்ற ஆங்கிலச் சொல் செல்லுலோயிட்டைவிட மிகமிகப் பழையது. பழைய ஆங்கிலத்தில் அது மெல்லிய தோலை, சவ்வைக் குறித்தது. பாலின் மேல் படியும் ஆடைக்கும் கண்ணில் விழும் படலத்துக்கும் அச்சொல் வழங்கியது. கண்ணாடித் தகட்டின் மேல் பூசிய மெல்லிய இரசாயனப் படலத்தைப் போட்டோப் பிடிப்பவர்கள் பிலிம் என்றார்கள். பிறகு தகடு போய்ச் செல்லுலோயிட் நாடா வந்தது. நாடாவுக்கே பிலிம் என்று பெயராயிற்று. பிறகு அதில் ஓடும் கதைக்கும் அதுவே பெயரானது.

நாம் வாழும் இந்த மண்ணின் மொழியும் அதே வழியில்தான் போயிருக்கிறது. மாவோரி மொழியில் திரைப்படத்தைக் 'கிரிஆத்தா' என்கிறார்கள். 'கிரி' என்றால் தோல், மரப்பட்டை. 'ஆத்தா' என்றால் நிழல், பிரதிபிம்பம். தோலில் விழுந்த நிழல். கடன்வாங்கிய சொல்லை அப்படியே விழுங்காமல், தம் மொழியில் உள்ளதைக் கொண்டு பெயர் கட்டியிருக்கிறார்கள்.

தமிழில் என்ன இருக்கிறது என்று பேத்திக்காகத் தேடினோம். தேடத் தேவையே இருக்கவில்லை. நாள்தோறும் வாயில் இருந்த சொல்தான்: படம். 'நேற்று ஒரு படம் பார்த்தோம்' என்கிறோம். அந்தப் படம் முதலில் துணி. வடமொழியின் 'பட' என்ற சொல்லோடு உறவுடையது. துணி, சீலை, திரைச்சீலை, சட்டை என்பன அதன் பழைய பொருள்கள். துணியில் சித்திரம் எழுதியதால் சித்திரத்துக்கும் படம் என்று பெயராயிற்று. சித்திரம் அசையத் தொடங்கியபோதும் அந்தப் பெயரே தொடர்ந்தது. துணி என்றால் பஞ்சு. செல்லுலோயிட்டும் பஞ்சில் பிறந்தது. எவரும் திட்டமிடாமலே எமது மொழி அந்தப் பொருளின் மூலத்தைத் தன் பெயரில் வைத்திருக்கிறது.

முல்லைப்பாட்டில் 'படம்' சட்டை என்ற பொருளில் வருகிறது. பாசறையில் அரசனின் பள்ளியறைக்கு அருகே காவல் நிற்கும் மிலேச்சர்கள் அந்தச் சட்டையை அணிந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அந்நாட்டு மொழி தெரியாது, எனவே நாவால் அல்லாமல் உடம்பின் சைகையால் பேசுகிறார்கள் என்கிறார் புலவர் நப்பூதனார். ஊமைப்படங்களின் நடிகர்களும் அப்படித்தான் பேசினார்கள். இந்நகருக்கு வந்து முதல் வேலைக்குப் போன நாட்களில் எம்மிற் பலரும் அப்படித்தான் பேசினோம். இன்று அந்த வரியைப் படிக்கும்போது நாம் அரசனின் பக்கத்தில் நின்று படிக்கவில்லை.

'திரை' என்ற சொல்லையும் இவ்விடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கடலின் அலையும் திரை, தொங்கவிட்ட சீலையும் திரை, முதுமையில் தோலில் விழும் சுருக்கமும் திரை. ஆங்கிலேயரும் மாவோரிகளும் பிலிமைத் தோல் என்று கண்டார்கள். எமது 'திரைப்படத்தில்' துணியும் இருக்கிறது, தோலும் இருக்கிறது, நாம் கடந்துவந்த கடலும் இருக்கிறது.

ஊரில் சிறுவர்களாக இருந்தபோது இதையெல்லாம் அறியாமலே நாம் படம் காட்டியிருக்கிறோம். தியேட்டருக்குப் பின்னால் ஒப்பரேற்றர் வெட்டி எறிந்த பிலிம் துண்டுகளைப் பொறுக்கி வருவோம். பியூஸ்போன மின்குமிழின் அடியை உடைத்துத் தண்ணீர் நிரப்பினால் அது வில்லை. வெயிலை முகம்பார்க்கும் கண்ணாடியால் அறைக்குள் திருப்பிவிட்டால் அது விளக்கு. திரைக்கு அப்பாவின் வேட்டி. வேட்டியில் எம்ஜிஆர் தலைகீழாக நிற்பார், துண்டைத் திருப்பிப் போட்டு நிமிர்த்துவோம். துணியில் விழுந்த அந்தப் படத்துக்கு 'படம்' என்பதைவிடச் சரியான பெயர் வேறு ஏது?

*

அந்தத் துண்டுகள் எம் கையில் எரிந்துவிடவில்லை. அவை 1951க்குப் பிந்தியவை என்பதே காரணம். அதற்கு முந்திய செல்லுலோயிட் பிலிம் பஞ்சும் கற்பூரமும் எரிவதுபோலவே எரியும். அது எரிவதற்கு வேண்டிய ஒட்சிசன் அதனுள்ளேயே இருப்பதால், பற்றிவிட்டால் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாது. பழைய றீல்கள் காலப்போக்கில் பிசுபிசுத்து, கட்டியாகி, கபிலநிறத் தூளாகிவிடும். கெட்டுப்போன நிலையில் வெப்பமான நாளொன்றில் தானாகவே தீப்பிடிக்கவும் கூடும். 1937 யூலை 9ஆம் திகதி நியூ யேர்சியின் லிற்றில் பெரி என்ற ஊரில் ஃபொக்ஸ் கம்பனியின் களஞ்சிய அறைகள் அப்படித்தான் எரிந்தன. அந்தக் கம்பனியின் ஊமைப்படங்களில் பெரும்பகுதி அங்கே போயிற்று. 1912க்கும் 1929க்கும் இடையில் அமெரிக்காவில் வெளியான முழுநீள ஊமைப்படங்கள் 10,919. அவற்றுள் 14 வீதமே முதலில் வெளியான வடிவில் எஞ்சியிருப்பதாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

எரிந்தும் அழுகியும் போனவற்றுள் சில எங்கே தப்பியிருந்தன என்றால், இங்கே, நியூசிலாந்தில்.

இந்நாட்டில் முதன்முதலாகப் படம் காட்டப்பட்டது ஒக்லாந்தில்தான். 1896 ஒக்ரோபர் 13ஆம் திகதி ஒபரா ஹவுஸில். பின்னர் ஊருக்கு ஊர் தியேட்டர்கள் எழுந்தன. குவீன் வீதியில் சிவிக் தியேட்டர் 1929 டிசம்பர் 20இல் திறக்கப்பட்டது. அதன் முன்மண்டபத்தில் யானைகளையும் புத்தர்களையும் வைத்து ஒரு கற்பனை இந்தியாவைக் கட்டியிருக்கிறார்கள். அங்கு முதன்முறை நுழைந்தபோது எமக்குச் சிரிப்பும் வந்தது, ஊர் ஞாபகமும் வந்தது. அது பேசும்படங்கள் வந்துவிட்ட காலம். ஊமைப்பட றீல்களுக்கு மதிப்பே இல்லாமற் போயிற்று.

ஹொலிவூட்டிலிருந்தும் இலண்டனிலிருந்தும் புறப்படும் ஒரு பிரதி பல நாடுகளில் ஓடித் தேய்ந்து கடைசியாக வந்துசேரும் இடம் நியூசிலாந்து. இதற்கு அப்பால் அனுப்ப இடமில்லை. திருப்பி அனுப்பும் கப்பல் கூலி றீலின் பெறுமதியைவிட அதிகம். ஆகவே பிரதிகளை இங்கேயே அழித்துவிடுவது வழக்கம். ஆனால் எல்லாரும் அழித்துவிடவில்லை. வடதீவின் ஹேஸ்டிங்ஸ் நகரில் புரொஜெக்டர் இயக்குபவராக இருந்த ஜக் முர்தா றீல்களைச் சேர்த்து வைத்தார். 1989இல் அவர் இறந்தபின் அவருடைய பேரன் அவற்றை வெலிங்டனில் இருந்த நியூசிலாந்துத் திரைப்பட ஆவணக்காப்பகத்துக்கு அனுப்பிவைத்தார்.

அந்தக் காப்பகத்திலிருந்த அமெரிக்கப் படங்களுள் 75ஐத் திரும்ப அமெரிக்காவில் பாதுகாப்பதற்கு 2010இல் ஏற்பாடாயிற்று. அவற்றில் ஒன்று 1927இல் ஃபொக்ஸ் கம்பனிக்காக ஜோன் ஃபோர்ட் இயக்கிய 'அப்ஸ்ட்ரீம்'. உலகில் வேறெங்கும் பிரதி இல்லை என்று கைவிடப்பட்ட படம். அடுத்த ஆண்டு, முர்தாவின் சேகரிப்பிலிருந்து, 1924இல் வெளியான 'த வைற் ஷடோ' படத்தின் முதல் மூன்று றீல்கள் அடையாளம் காணப்பட்டன. கிரகம் கட்ஸ் இயக்கிய அந்தப் படத்தில் உதவி இயக்குநராகவும் கதையெழுதுபவராகவும் வேலை செய்தவர் இளம் வயது ஹிச்கொக். றீல்கள் இருபது ஆண்டுகளாகக் காப்பகத்திலேயே இருந்தன. வேறு பெயர் ஒட்டப்பட்டிருந்ததால் எவருக்கும் தெரியவில்லை.

நாடு முழுவதும் பேசப்பட்ட இந்தச் செய்தியை நாமும் பேசினோம். எமக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. இந்நாட்டுத் தமிழர் எல்லாருக்கும் தெரிந்த அந்தத் தமிழ்மணி. 1836ஆம் ஆண்டளவில் வடக்கே வங்காரெய் பகுதியில் வில்லியம் கொலென்சோ என்ற மிசனறி அதைக் கண்டபோது, மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்களாம். அதன் விளிம்பில் எழுத்துக்கள் இருந்தன. முகையதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்று பிற்காலத்தில் படித்தறிந்தார்கள். இப்போது அது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்துக்குரியது. எழுத்து இல்லாதிருந்தால் அது ஒரு பழைய பாத்திரம், அவ்வளவுதான். கரையொதுங்கிய பொருள் தப்பிப் பிழைப்பது தற்செயல். அது எவருடையது என்று தெரியவருவது அதில் பெயர் எழுதியிருந்தால் மட்டுமே.

*

எமது பக்கத்துக் கணக்கு இப்படியிருக்கிறது. தமிழகத்தில் நடராஜ முதலியார் எடுத்த முதல் ஊமைப்படமான 'கீசகவதம்' இன்று இல்லை. 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' படத்துக்கும் பிரதி இல்லை. பழைய றீல்களிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக அவற்றை நிறைக்கு விற்றவர்கள் உண்டு. புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகத்தின் செல்லுலோயிட் றீல்கள் 2003 சனவரியில் தீயில் போயின. வெப்பமும் ஈரமும் அசட்டையும் சேர்ந்து செய்த வேலை என்று இவற்றுக்குக் காரணம் சொல்லலாம்.

இலங்கையில் நடந்ததற்கு அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது.

கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் இருந்தது விஜயா ஸ்ரூடியோ. அதன் உரிமையாளர் கே. குணரத்தினம் என்ற தமிழர். 1960இல் வெளியான 'சந்தேசய' போன்ற சிங்களப் படங்களைத் தயாரித்தவர். அந்நாட்டுச் சினிமாவைக் கட்டியெழுப்பியவர்களுள் ஒருவர். 1983 யூலையில் அந்த ஸ்ரூடியோ கொளுத்தப்பட்டது. அங்கே இருந்த படச்சுருள்களும் எரிந்தன. தமிழருக்குச் சொந்தமான இடம் என்று வைத்த தீயில் சிங்களவர்களின் சினிமாவும் எரிந்தது.

இங்கே சொல்லின் பொருளைக் கவனிக்கவேண்டும். கொடக் கம்பனி 1951இல் பழைய செல்லுலோயிட் பிலிம் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு வந்தது அசற்றேற் பிலிம். அதுவும் செல்லுலோஸிலிருந்து ஆனதே, ஆனால் நைத்திரிக்கமிலத்துக்குப் பதிலாக அசற்றிக்கமிலத் தொடர்பு. இலகுவில் தீப்பிடிக்காது. அதன் ஓரத்தில் 'சேவ்ற்றி பிலிம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். பாதுகாப்பான பிலிம் என்று பொருள். நாம் பொறுக்கிய துண்டுகளிலும் அது இருந்தது, என்ன என்று அப்போது விளங்கவில்லை.

1937இல் எரிந்த படங்கள் தாமாகத் தீப்பிடித்தவை. 1983இல் எரிந்த படங்கள் தாமாகத் தீப்பிடிக்க முடியாதவை. இரசாயனவியலாளர்கள் பொருளிலிருந்த தீயை நீக்கிவிட்டார்கள். மனிதரிடமிருந்த தீ அவர்களுடைய வேலையல்ல. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1981 யூன் முதலாம் திகதி விடியும்போது, 97,000 வரையான நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்திருந்தது. கடதாசியும் செல்லுலோஸ்தான்.

1962இல் 'சமுதாயம்', 1963இல் 'தோட்டக்காரி', 1972இல் 'குத்துவிளக்கு', 1977இல் 'பொன்மணி', 1978இல் 'வாடைக்காற்று' என்று இலங்கையில் தமிழில் படங்கள் எடுத்தவர்கள் இருந்தார்கள். கடனும் நட்டமும் பட்டு எடுத்தார்கள். இவற்றின் பெயர்களைச் சொல்ல எமக்கு முடிகிறது. எமது பிள்ளைகளை உட்காரவைத்துத் திரையில் ஓட்டிக்காட்ட முடிகிறதா? இந்தக் கேள்வியைக் கேட்கும்போது, எங்கோ ஓர் ஊரில், ரொறன்ரோவிலோ பாரிசிலோ, எவரோ ஒருவரின் கராச்சில் ஒரு றீல் கிடக்கலாம் என்ற நினைப்பு வருகிறது. முர்தாவின் வீட்டில் கிடந்ததைப்போல.

*

இனி அந்தப் பிஸ்கட் ரின்னுக்கு வருவோம். வினாகிரி மணம் ஏன் என்று இப்போது எமக்குத் தெரியும். அசற்றேற் பிலிம் கெடும்போது, அதைச் செய்யச் சேர்த்த அசற்றிக்கமிலம் திரும்ப வெளியேறுகிறது. வினாகிரியில் இருப்பதும் அதே அமிலம். வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். ஒக்லாந்தின் வீடுகள் ஈரத்துக்குப் பேர்போனவை. மூடிய ரின்னுக்குள் ஆவி வெளியேற வழியின்றி மற்றத் துண்டுகளையும் கெடுக்கும். அந்தத் தாயார் பத்திரம் என்று எண்ணிச் செய்தது, சொப்பிங் பையில் சுற்றி ரின்னில் மூடியது, படங்களை உள்ளிருந்தே தின்றிருக்கிறது. அவரைக் குறைசொல்ல எவராலும் முடியாது. மழையில் நடந்த அந்த இரவில் அந்தப் பைதான் அவற்றைக் காத்தது.

அவற்றை வெளியே எடுத்து, அமிலம் சேராத கடதாசி உறைகளில் பிரித்து வைத்தோம். மணப்பவற்றை வேறாக்கினோம். குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்தோம். ஒவ்வொரு துண்டையும் ஸ்கான் செய்தோம். ஸ்கான் செய்தது போதும், இனி நெகற்றிவ் எதற்கு என்று இளைஞர் ஒருவர் கேட்டார். வைத்திருக்கத்தான் வேண்டும் என்றோம். கணினியில் உள்ளது படம் போன்றது. போன்றதுக்கும் உள்ளதுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தச் சொல்லிடம் படித்துவிட்டு எப்படி எறிவது?

இந்நாட்டில் ஜேம்ஸ் மக்டொனால்ட் என்பவர் 1919க்கும் 1923க்கும் இடையில் மாவோரி மக்களின் வாழ்வைப் பிலிமில் பிடித்திருந்தார். அறுபது ஆண்டுகள் கழித்துக் காப்பகத்தினர் அவற்றைச் சீர்செய்து, படத்தில் இருப்பவர்களின் சந்ததியினரிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள். திரையில் மூதாதையர் தோன்றியபோது சபையில் இருந்தவர்கள் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்தார்கள், அழுதார்கள் என்கிறார்கள். படம் பிடித்தவருக்குத் தெரியாத பெயர்கள் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்தன.

நாமும் அவ்வாறே செய்தோம். ஒரு ஞாயிறு பின்னேரம் வீட்டுச் சுவரில் வெள்ளைச் சேலை ஒன்றைக் கட்டி, மீட்ட படங்களைப் பெரிதாகக் காட்டினோம். வயதானவர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். 'உது சின்னம்மாட கலியாணம்', 'உவர் பள்ளிக்கூடத்து வாத்தியார்', 'உந்த வேலி மூலை வீட்டு வேலி' என்று ஒவ்வொன்றாக வந்தது. பேத்தி எழுதிக்கொண்டே இருந்தாள். அவள் கேட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் சொன்னோம்: தமிழில் இதற்குப் படம் என்று பெயர், படம் என்றால் துணி. அவள் சேலையைப் பார்த்தாள். 'ஓ' என்றாள்.

43 படங்களில் 31க்குப் பெயர் கிடைத்தது. மிச்சத்தில் ஒன்றில், கிணற்றடியில் ஓர் இளம்பெண் வாளியோடு நின்று சிரிக்கிறாள். எவருக்கும் அவளைத் தெரியவில்லை. அந்த உறையின் மேல் இப்படி எழுதி வைத்திருக்கிறோம்: 'பெயர் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதவும்.'